உக்கிராணக்காரனா, வீட்டுப் பொறுப்பாளரா? லூக்கா 16இல் வைத்துப் பார்த்த இரண்டு தமிழ் வேதாகமங்கள்

வேதபாடக் குழுவுக்கு எந்தத் தமிழ் வேதாகமத்தை வாங்கலாம் என்று கேட்டால், எழுத்தின் பருமனையும் தாளின் கனத்தையும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் கூட. அவையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பின் பலமும் பலவீனமும் இலகுவான பகுதிகளில் தெரியாது. நல்ல மேய்ப்பன் சங்கீதத்தை எந்தப் பதிப்பில் வாசித்தாலும் மனம் ஆறும். எஜமானை ஏமாற்றிய ஒருவன் பாராட்டப்படும் லூக்கா 16:1–13ஐத் திறந்தால்தான் புத்தகம் எங்கே கை கொடுக்கிறது, எங்கே கையை விடுகிறது என்று தெரியவரும்.

வன்னியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிறார்கள். கலந்த குழு கூடினால் பாயில் இரண்டு புத்தகங்கள் விரியும். ஒன்று 1871இல் முழுமையாக வந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பில் இருந்து வரும் ‘பரிசுத்த வேதாகமம்’. மற்றது கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’. கீழே பழையது, புதியது என்றே சொல்லுகிறேன்.

கதை சுருக்கமானது. செல்வர் ஒருவரின் சொத்தைப் பார்த்துக்கொள்பவன் அதை வீணடிக்கிறான் என்று புகார் போகிறது. கணக்கை ஒப்படைக்கச் சொல்லி வேலையால் நிறுத்துகிறார்கள். போவதற்குள் அவன் கடன்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு அளவு கோதுமையை எண்பது என்றும் எழுத வைக்கிறான். எட்டாம் வசனத்தில் எஜமான் அவனை மெச்சுகிறார். ஒன்பதாம் வசனத்தில் இயேசு, அநீதியான செல்வத்தால் நண்பரைத் தேடுங்கள் என்கிறார்.

முதல் வித்தியாசம் மரியாதையில் இருக்கிறது. லூக்காவின் மூலமொழியான கிரேக்கத்தில் அவன், அவர் என்ற பிரிவு கிடையாது. தமிழில் எழுதுபவர் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். பழையதில் எஜமானும் ‘என்றான்’, வேலைக்காரனும் ‘என்றான்’. புதியதில் எல்லோரும் ‘என்றார்’. கள்ளக் கணக்கு எழுத வைப்பவரும் ‘எழுதும்’ என்று மரியாதையாகத்தான் சொல்லுகிறார். ‘அவன்’ என்று வாசித்தவர் இரண்டாம் வசனத்திலேயே தீர்ப்பெழுதி முடித்துவிடுவார். ‘அவர்’ என்று கேட்டவருக்கு ஒரு அலுவலகத் தவறு நடந்ததுபோல்தான் இருக்கும். இந்தப் பகுதியின் உறுத்தல் பாதி இங்கேயே கூடுகிறது, குறைகிறது. என் தெரிவு பழையது. உறுத்த வேண்டிய கதை உறுத்தட்டும்.

அடுத்தது முதலாம் வசனம். பழையதில் எஜமானுக்கு ‘அறிவிக்கப்பட்டது’. புதியதில் அவர்மீது ‘பழி சுமத்தப்பட்டது’. இங்கே புதியதுதான் மூலத்துக்குக் கிட்ட நிற்கிறது. அந்தக் கிரேக்க வினை, கெட்ட நோக்கோடு ஒருவரைக் காட்டிக்கொடுப்பதற்கும் வழங்குவது. சாத்தானுக்குரிய ‘தியாபொலொஸ்’ என்ற பெயரும் அதே அடியில் பிறந்ததுதான். குற்றம் உண்மையா பொய்யா என்று உவமை எங்கும் சொல்லவில்லை. ‘அறிவிக்கப்பட்டது’ என்று மட்டும் வாசித்த குழு, விசாரணை முடிந்த வழக்காக அதை எடுத்துக்கொள்ளும்.

அதே வசனத்தில் இரண்டு பதிப்பும் நன்றாகச் செய்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். பழையதில் முந்திய அதிகாரத்து உவமையில் வரும் இளைய மகன் ஆஸ்தியை ‘அழித்துப்போட்டான்’ (15:13), இவன் ஆஸ்திகளை ‘அழித்துப்போடுகிறதாக’ (16:1). புதியதில் இரண்டு இடத்திலும் ‘பாழாக்கு’ என்ற வினை. மூலத்திலும் ஒரே சொல்தான். லூக்கா இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தது தற்செயலாக இருக்காது என்று குழுவுக்குக் காட்ட இந்த ஒரு சொல் போதும்.

பதவிப் பெயரில் இரண்டுமே சறுக்குகின்றன: பழையதில் ‘உக்கிராணக்காரன்’, புதியதில் ‘வீட்டுப் பொறுப்பாளர்’. ‘உக்கிராணம்’ என்றால் களஞ்சியம் என்று இளவயதினருக்கு இன்று தெரியாது. ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்றால் சமையலறைச் சாவியை வைத்திருப்பவர் மாதிரிக் கேட்கிறது. 2009க்கு முன் வன்னியில் வாழ்ந்தவர் காதில் ‘பொறுப்பாளர்’ என்ற சொல் இயக்கத்தின் பதவியாகவே விழும். காணி, குத்தகை, கடன் சீட்டு எல்லாவற்றையும் முதலாளி பெயரில் நடத்தும் முகாமையாளர் அல்லது கணக்கப்பிள்ளை என்று விளக்கிவிட்டு வாசிப்பது நல்லது.

மூன்றாம் வசனத்தில் பழைய பதிப்பு வன்னிக்காகவே எழுதியதுபோல் இருக்கும்: ‘கொத்துகிறதற்கு எனக்குப் பெலனில்லை.’ தமிழ்நாட்டு வாசகருக்கு அது பழந்தமிழாகத் தோன்றலாம். விசுவமடுவிலோ தருமபுரத்திலோ தோட்டம் கொத்துகிறவருக்கு மண்வெட்டியின் பாரமே அந்தச் சொல்லில் இருக்கிறது. புதியது ‘மண்வெட்டவோ என்னால் இயலாது’ என்று அதைத் தட்டையாக்கிவிட்டது. ஆனால் ஆறாம் வசனத்தில் நிலைமை தலைகீழ். பழையதில் ‘உன் சீட்டை வாங்கி’ என்று வாசித்தால், மாதச் சீட்டுப் பிடிப்பதாகத்தான் இங்கே பலர் நினைப்பார்கள். புதியது ‘கடன் சீட்டு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் குழப்பத்தை வெட்டிவிட்டது.

இனி அளவைகள். இரண்டு பதிப்பும் வாசகரைக் கைவிடும் இடம் இதுதான், இதில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மூலத்தில் எண்ணெய் நூறு ‘பத்’, கோதுமை நூறு ‘கோர்’. ஒரு பத் 22 லீற்றரில் இருந்து 39 லீற்றர் வரை என்று கணிக்கிறார்கள். ஒரு கோர் பத்து பத். அப்படியென்றால் எண்ணெய் 2,200 முதல் 3,900 லீற்றர். கோதுமை 22,000 முதல் 39,000 லீற்றர், எடையில் ஏறக்குறைய 17 முதல் 30 தொன்.

பழையது கோதுமையை ‘நூறு கலம்’ என்கிறது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். இன்று வன்னியில் கலத்தால் அளப்பவர் இல்லை, ஆகவே அது விளங்காமல் போகும், ஆனால் பிழையாக விளங்காது. புதியது ‘நூறு மூடை’ என்கிறது. ஆபத்து இங்கேதான். மூடை எல்லோருக்கும் தெரிந்த அளவு. 70 கிலோ மூடை என்று வைத்தால் நூறு மூடை 7 தொன். காலபோகத்தில் ஏக்கருக்கு 25 மூடை கண்டால், அது நாலு ஏக்கர் விளைச்சல். கேட்பவர் மனதில் உடனே வருவது கட்டுக்கரைக்குளத்துக்கோ இரணைமடுவுக்கோ கீழே நாலு ஏக்கர் செய்து, நாளாந்தம் ஏறும் மீற்றர் வட்டிக்கும் நுண்கடனுக்கும் நடுவில் நசிபடும் ஒரு சிறு கமக்காரர். அவருக்கு இருபது மூடை தள்ளிக் கொடுத்தவன் நல்லவனாகத்தானே தெரிவான்?

சரியான அளவைப் போட்டுப் பார்த்தால் அதே கணக்கில் 240 முதல் 430 மூடை வருகிறது. பத்தில் இருந்து பதினேழு ஏக்கர் வரையான முழு விளைச்சல், அதுவும் கடன் மட்டும். இவர்கள் பெரும் குத்தகைக்காரர் அல்லது மொத்த வியாபாரிகள். அவன் தேடியது நாளைக்குத் தன்னை வீட்டில் ஏற்கக்கூடிய வசதி உள்ளவர்களை. நாலாம் வசனமே அதைச் சொல்லுகிறது. எண்ணெயில் பாதியும் கோதுமையில் ஐந்தில் ஒன்றும் வெட்டியது சமமில்லாததுபோல் தெரிந்தாலும், இரண்டு தள்ளுபடியும் பெறுமதியில் ஏறக்குறைய 500 தெனாரியம் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அவன் கண்மண் தெரியாமல் வெட்டவில்லை.

எட்டாம் வசனத்தின் பாராட்டுச் சொல்லைப் பாருங்கள். பழையதில் ‘புத்தியாய்ச் செய்தான்’, புதியதில் ‘முன்மதியோடு செயல்பட்டதால்’. பாராட்டப்படுவது அவன் நேர்மை இல்லை, முன்யோசனை என்பதற்குப் புதிய சொல் அருமையாகப் பொருந்துகிறது. அதே கிரேக்கச் சொல் மத்தேயுவில் கற்பாறைமேல் வீடு கட்டியவனுக்கும் (7:24), பாம்புகளைப்போல் இருக்கச் சொல்லும் இடத்திலும் (10:16), ஐந்து கன்னியருக்கும் (25:2) வருகிறது. பழையது முதலாவதிலும் மூன்றாவதிலும் ‘புத்தியுள்ள’ என்று சங்கிலியைக் காத்து, பாம்பில் ‘வினாவுள்ளவர்கள்’ என்று அறுத்துவிட்டது. புதியது பாம்பிலும் கன்னியரிலும் ‘முன்மதி’ வைத்து, வீடு கட்டியவரை ‘அறிவாளி’ ஆக்கிவிட்டது. நாலு வசனத்தையும் ஒரு கடதாசியில் எழுதி இரண்டு புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தால்தான் முழுச் சங்கிலி கிடைக்கும்.

மெச்சிய ‘கியூரியொஸ்’ (தலைவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்) யார் என்ற கேள்வியை இரண்டு பதிப்பும் மூடிவிட்டன: ‘எஜமான்’, ‘தலைவர்’. மூலத்தில் அந்தச் சொல் கர்த்தரையும் குறிக்கலாம். அநீதியுள்ள நீதிபதியின் உவமைக்குப் பிறகு 18:6இல் அப்படித்தான் வருகிறது. மூன்றாம், ஐந்தாம் வசனங்களில் செல்வரையே குறிப்பதால் இங்கும் அவரே என்பது பொருத்தமான வாசிப்பு. என்றாலும் அங்கே ஒரு திறந்த கதவு இருந்தது என்பதை வாசகர் அறிய வழி இல்லை.

ஒன்பதாம் வசனம் புதியதற்குத் தெளிவான வெற்றி. பழையது ‘நீங்கள் மாளும்போது’ என்கிறது, புதியது ‘அது தீரும்பொழுது’ என்கிறது. இது நடை வேறுபாடு இல்லை. அடியில் இருக்கும் கிரேக்கப் பாடமே வேறு. பழையது பின்பற்றிய பாடத்தில் ‘நீங்கள் அற்றுப்போகும்போது’ என்றும், இன்றைய ஆய்வுப் பதிப்புகள் ஏற்கும் பழைய கையெழுத்துப் பிரதிகளில் ‘அது அற்றுப்போகும்போது’ என்றும் இருக்கிறது. ஒன்று சாவைப் பற்றிப் பேசுகிறது, மற்றது பணம் முடிவதைப் பற்றி. இதைச் சொல்லாமல் நடத்தினால் இரு சபையாரும் அரை மணி நேரம் வாதாடுவார்கள், இரு பக்கமும் தங்கள் புத்தகத்தைச் சரியாகத்தான் வாசித்திருப்பார்கள்.

பத்து முதல் பன்னிரண்டு வரையும் புதியதே மேல். ‘நம்பத்தகுந்தவர்’, ‘நம்பத்தகாதவர்களாய்’, ‘உங்களை நம்பி’ என்று ஒரே வேர் ஓடுகிறது, கிரேக்கத்திலும் அப்படியே. இங்கே செல்வத்துக்கு மூலத்தில் வரும் ‘மம்மோன்’ என்ற அரமேயச் சொல்லும் நம்பிக்கை என்னும் வேரில் இருந்து வந்திருக்கலாம் என்று பல அறிஞர் கருதுவதால், அந்த ஓட்டம் சும்மா அலங்காரமில்லை. ஆனால் இரண்டு பதிப்பும் அந்தப் பெயரை ‘உலகப்பொருள்’, ‘செல்வம்’ என்று கரைத்துவிட்டன. கடவுளுக்கு எதிரே ஒரு எஜமானாக நிற்கும் பெயர் அது. அது போனது பெரிய இழப்பு.

அவன் விட்டுக்கொடுத்தது தன் தரகுப் பணத்தை அல்லது மறைத்து எழுதிய வட்டியை என்று டெரெட், ஃபிட்ஸ்மையர் போன்ற வேத ஆய்வாளர் சொன்ன விளக்கம் குழுவில் கட்டாயம் வரும். உபாகமம் 23:19 சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுப்பதால், வட்டியை முதலோடு சேர்த்து எழுதும் வழக்கம் இருந்திருக்கலாம். அப்படியானால் அவன் செய்தது திருத்தம், திருட்டு இல்லை. வட்டிச் சுமை தெரிந்த ஊரில் இந்த விளக்கம் இனிக்கும். ஆனால் ஐந்தாம் வசனத்தில் அவன் கேட்பது எஜமானிடம் பட்ட கடனை, எட்டாம் வசனம் அவனை இன்னும் ‘அநீதியுள்ள’ (புதியதில் ‘நேர்மையற்ற’) என்றே அழைக்கிறது. இரண்டு பதிப்பும் இதில் உறுதியாக நிற்கின்றன. அதே அடைமொழியை ஒன்பதாம் வசனத்தில் செல்வத்துக்கும் வைத்தது இரண்டுக்கும் பெருமை. விளக்கத்தைச் சொல்லுங்கள், வசனத்துக்கு மேலே ஏற்றாதீர்கள்.

நடத்தும் முறை: முதலில் பழையதில் 1 முதல் 8இன் முதல் வாக்கியம் வரை ஒருவர் உரத்து வாசிக்கட்டும். அங்கே நிறுத்தி ‘இவன் செய்தது சரியா?’ என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு புதியதில் 1 முதல் 13 வரை. அதன்பின் அளவைகளை மூடையில் போட்டுக் காட்டி, கடைசியாக 14ஆம் வசனத்துக்குப் போங்கள். பொருளாசை உள்ள பரிசேயர் ஏளனம் செய்த அந்த வசனத்தை வாசிக்காமல் முடித்தால் உவமை யாருடைய காதுக்கு எறியப்பட்டது என்பது தெரியாது. ஒன்பதோடு நிறுத்துவதுதான் வழமையாக நடக்கும் பிழை. அப்படி நிறுத்தினால், களவெடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தால் சரி என்று யாரோ ஒருவர் எழும்பிப் போவார். ஒன்றே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கத்தோலிக்க வழிபாட்டில் மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறுக்கு இதுவே நற்செய்தி; 2025இல் வந்தது, அடுத்தது 2028.

வாங்கும்போது: புதியதன் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், பழையதில் 66, கலந்த குழுவில் இதை முதலே சொல்லிவிடுங்கள். புதியதில் பகுதித் தலைப்புகள் இருக்கும்; அவை பதிப்பாசிரியர் இட்டவை, வாசிக்கும்போது விட்டுவிடவும். பழையதில் ஒத்துவாக்கியங்கள் (ஒத்த வசனங்களைச் சுட்டும் குறிப்புகள்) அச்சிட்ட பதிப்பையே கேட்டு வாங்குங்கள், வெறும் வசனம் மட்டும் உள்ள மலிவுப் பதிப்பு படிப்புக்கு உதவாது. கைபேசியில் வாசிப்பவருக்கும் இதே குறை: பல செயலிகளில் அடிக்குறிப்பு வராது. தாள் இரண்டிலும் மெல்லியது. மாரியில் ஈரம் பிடித்தால் பக்கங்கள் ஒட்டும், தகரக் கூரைக்குக் கீழே பொலித்தீன் உறையில் வைப்பது நல்லது.

பன்னிரண்டு பேர் உள்ள குழு என்றால் புதியதில் எட்டு, பழையதில் நாலு. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் புதியதை வாங்கி, உள்ளட்டையில் பென்சிலால் மூன்று குறிப்பை எழுதுங்கள்: 16:3 ‘கொத்துகிறதற்கு’, 16:7 நூறு மூடை இல்லை 240 முதல் 430, 16:13 ‘மம்மோன்’.