பிளக்-இன் ஹைப்ரிட்: பிளக்கை மட்டும் சொருகாதீர்கள்

பழைய பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலிலும், பிளக் சொருகிச் சார்ஜ் போடும் பாட்டரியிலும் ஓடும் கார்) ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று இங்கே நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் வண்டி எந்த கம்பெனி என்பது வேண்டாம். கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைக்கும் ரீகால் கடிதம் வந்த வண்டி, அவ்வளவு போதும்.

கடிதத்தில் இரண்டே கட்டளை. சார்ஜ் போடாதீர்கள். வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். சார்ஜ் போடுவதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டி! கராஜ் சுவரில் கைக்காசு போட்டு மாட்டிய சார்ஜர் சும்மா தொங்க, நான் ஜனவரிக் குளிரில் வெளியே நின்று கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன். மைலேஜும் போச்சு. சார்ஜ் ஏறாத பாட்டரியின் எடையையும் இழுத்துக்கொண்டு ஓடினால் பெட்ரோல் குடிக்காமல் என்ன செய்யும்?

பாட்டரி தீப்பிடிக்கும் என்ற பயம் பொய்யில்லை. பாட்டரியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் தடுப்பது மெல்லிய ஒரு படலம். அது பழுதானால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு பக்கத்துச் செல்லுக்கும் தாவும். 2022-ல் கிரைஸ்லர் பசிஃபிகா ஹைப்ரிட் ரீகாலின்போது வெளிவந்த 12 தீ விபத்துகளிலும் வண்டி நிறுத்தி அணைக்கப்பட்டே இருந்தது. அதனால் வெளியே நிறுத்தச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. மாற்று வழி எப்போது வரும் என்று கேட்டால், 'பார்ட் வரவில்லை', 'கம்பெனி இன்னும் சொல்லவில்லை' என்றே டீலர் பாடிக்கொண்டிருந்தாரே, அதில்தான்.

கடைசியில் வந்தது ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். பாட்டரியைக் கண்காணிக்குமாம், ஏதாவது கோளாறு தெரிந்தால் மாற்றித் தருவார்களாம். இனி தாராளமாகச் சார்ஜ் போடலாம் என்றார்கள். போடுகிறேன், ஆனால் வண்டி வெளியேதான் நிற்கிறது. காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில், இதே தீ பயத்தால், ஜீப்பின் பிளக்-இன் ஹைப்ரிட்களான 4எக்ஸ்ஈ வண்டிகளை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,20,000, திரும்ப அழைத்தார்கள். முந்தைய ரீகாலில் அப்டேட் வாங்கிய வண்டிகளும் அதில் சேர்த்திதான்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் எஞ்சின் முனகலே இல்லாமல் தெருவைத் தாண்டும்போது கிடைக்கும் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆபீஸ் போய்வர ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. நீண்ட பயணத்தில் சார்ஜருக்காக வரிசையில் நிற்க வேண்டாம். பிரேக், சீட், ஏசி எதிலும் இதுவரை ஒரு குறையில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஆசை விடவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியின் அடையாள எண்ணான வின் (VIN) எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் வண்டியை எனக்குத் தந்துவிடுங்களேன் என்றார். என்ன விலை கொடுத்தாலும் மாட்டேன் என்றேன்.