சொற்போர்ப் போட்டிக்கு டேபிகேட்: எங்கே கைகொடுக்கும், எங்கே இடறும்

24 அணிகள், நான்கு தகுதிச் சுற்றுகள், அரங்குக்கு மூன்று நடுவர்கள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் சனி, ஞாயிறில் நடத்தி முடிக்கக்கூடிய சொற்போரின் அளவு இதுதான். ஆசிய நாடாளுமன்ற முறை என்றால் அணிக்கு மூவர் ஏழு நிமிடம் பேசி, அவர்களில் ஒருவர் நான்கு நிமிடத் தொகுப்புரை தருவார். ஒரு நடுவரின் தாளில் 8 மதிப்பெண்கள், சுற்றுக்கு 36 தாள்கள், நான்கு சுற்றுக்கு 1,152 எண்கள். அத்தனையையும் எக்ஸெலில் தட்டும்போது ஓரிடத்தில் 74 என்பது 47 ஆனாலும், காலிறுதிக்குப் போகவேண்டிய அணி மூட்டை கட்டிவிடும்.

டேபிகேட் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட இணைய மென்பொருள். திறந்த மூலநிரல் கொண்டது. வெற்றி எண்ணிக்கை சமமாக உள்ள அணிகளை அடுத்த சுற்றில் மோதவிடும். ஒரே பல்கலைக்கழக அணிகள் எதிரெதிரே வராமல் முடிந்தவரை பார்த்துக்கொள்ளும். நடுவர் தம் மாணவர்களுக்கே தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தால் திரையில் நிறமிட்டுக் காட்டும். தமிழ்ப் போட்டிகளில் கசப்பு முளைக்கும் இடமே இதுதான் என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

இனி இடறும் இடங்கள். முதலாவது பெயர்ப்பட்டியல். எக்ஸெலில் வெறும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பு) என்று சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, கல்விக்கூடத்தின் சுருக்கப் பெயர் 20 குறிகளுக்குள் அடங்கவேண்டும். ‘மலாயாப் பல்கலைக்கழகம்’ நம் கணக்கில் 13 எழுத்துதான். கணினியோ புள்ளி, கால், இணைக்கொம்பு ஒவ்வொன்றையும் தனிக் குறியாக எண்ணும். இடைவெளியோடு சேர்த்து 21 வரும். ஒரே ஒரு குறி கூடியதற்காகப் பதிவு நின்றுவிடும். ‘மலாயா’ என்று மட்டும் கொடுத்துவிட்டு முழுப்பெயரை அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். பெயருக்கு நடுவே காற்புள்ளியும் வேண்டாம்; பட்டியலை ஒட்டிப் பதிவு செய்யும் பக்கம் அதை அடுத்த கட்டத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மதிப்பெண் எல்லை. நம் நடுவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள். நூற்றுக்குப் புள்ளி போட்டுப் பழகிய கை 92 என்று எழுதும். மேல் எல்லை 80 என்றிருந்தால் பக்கம் அதை ஏற்காது. குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை எத்தனையாகக் கூட்டலாம் என்பவற்றை முதல் சுற்றுக்கு முன்பே அமைத்து, நடுவர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். தொகுப்புரைக்குப் பாதி மதிப்பெண் என்பதையும் அப்போதே சொல்லவேண்டும். இன்னொன்று, அமைப்பை மாற்றாவிட்டால் வெற்றியாளரை டேபிகேட் கூட்டுத்தொகையிலிருந்துதான் எடுக்கும். ‘அரசு அணி வென்றது’ என்று மனத்தில் முடிவுசெய்துவிட்டு எதிரணிக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டிருந்தால் எதிரணியே வென்றதாகும். இரண்டும் சமமானால் தாளை ஏற்காமல் திருப்பிவிடும்.

ஒவ்வொரு நடுவருக்கும் தனி இணைப்பு உண்டு. அதைத் திறந்தால் அவருடைய அரங்கு, தலைப்பு, பேச்சாளர் பெயர், பக்கத்தில் காலிக் கட்டங்கள் தெரியும். நிரப்பி அனுப்பியதும் கணக்கறையில் (மதிப்பெண் தொகுக்கும் அறை) ‘வராத தாள்’ எண்ணிக்கை ஒன்று குறையும். இணைப்பைக் கையில் வைத்திருப்பவர் யாரானாலும் அந்த நடுவர் பெயரில் புள்ளி அனுப்பமுடியும். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போடாதீர்கள். ஆளுக்கொன்றாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெளியிலிருந்து வரும் நடுவருக்கு வளாக வைஃபை கிடைப்பது அரிது, கைப்பேசித் தரவுதான் துணை. சுவர் தடித்த விரிவுரை மண்டபங்களுக்கு அச்சிட்ட தாளும் கொடுத்து வையுங்கள். கணக்கறையில் ஒருவர் தட்ட, வேறொருவர் உறுதிசெய்யும் வசதி உண்டு. ஆள் பற்றவில்லை என்று அதை நிறுத்திவிடவேண்டாம்.

காலையில் யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்கும் அணி ஒன்று வராமல் போனால் எண்ணிக்கை 23 ஆகும். ஒற்றைப்படையில் ஓர் அணிக்கு எதிரணி இருக்காது. ஏற்பாட்டுக் குழுவிலிருந்து மூவரை ‘ஸ்விங்’ அணியாக முன்கூட்டியே பதிந்து வையுங்கள். காலிறுதிக்குப் போட்டியிடாமல் அவர்கள் அந்த இடத்தை நிரப்புவார்கள். பிரித்தானிய நாடாளுமன்ற முறை என்றால் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

எங்கே நிறுவுவது? ஹெரோகு என்ற இணையச் சேவையகத்தில் இலவசமாக ஏற்றும் வழி 2022 நவம்பரோடு போய்விட்டது. இப்போது கட்டணச் சேவையகமோ, டேபிகேட்டை உருவாக்கியவர்களே நடத்தும் காலிகோ சேவையோதான். டாக்கர் என்ற மென்பொருள் மூலம் மடிக்கணினியிலும் ஓட்டலாம், ஆனால் நடுவர்களின் கைப்பேசிக்கு அது எளிதில் எட்டாது. எட்டு அணி, இரண்டு சுற்று என்றால் இத்தனை பாடு தேவையில்லை. கவனமாகப் போட்ட எக்ஸெல் போதும்.

முழுப் புள்ளிப்பட்டியலை வெளியிடும் பொத்தான் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். இறுதிச்சுற்று முடிந்த அன்றே அதை இயக்குங்கள். எந்தச் சுற்றில் எத்தனை புள்ளி என்று தெரியாமல் ஒரு முதலாண்டு மாணவி எப்படி அடுத்த போட்டிக்குத் தயாராவாள்? சேவையகத்தை மூடினால் அந்தப் பக்கமும் மறைந்துவிடும். மூடுமுன் பட்டியலைத் தரவிறக்கி அணித்தலைவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.