காஞ்சனபுரி ஒருநாள் டூர்: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

பாங்காக்கில் காவ்சான் சாலை டூர் கவுண்டர் ஒன்றில் நானும் அக்காவும் ஆளுக்கு 1,800 பாட் கட்டினோம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கும் பாலம், போர்க் கல்லறை, ரயில் பாதைக்காகப் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் பாஸ், 'நுழைவுக் கட்டணங்கள் உட்பட' என்று ரசீதில் இருந்தது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்லறைக்கும் ஹெல்ஃபயர் பாஸுக்கும் கட்டணமே கிடையாது.

எங்கள் தாத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான், ஆள் திரும்பவில்லை. அந்தப் பாதை காஞ்சனபுரி வழியாகத்தான் போனது. அந்த மண்ணை மிதிக்கத்தான் போனோம். வேன் முதலில் போனதோ மிதக்கும் சந்தைக்கு! அங்கே இரண்டரை மணி நேரம், படகுக்குத் தனிக் காசு. கரையேறினால் நம் படத்தையே தட்டில் ஒட்டி 200 பாட்டுக்கு நீட்டுகிறார்கள். அப்புறம் நீலக்கல் கடையில் ஒரு மணி நேரம்.

பாலத்துக்கு 20 நிமிடம்தான். முழுப் பாலமும் போர்க்காலத்தது என்றார் வழிகாட்டி. வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை. சரி, அதை விடுங்கள். தமிழர்கள் எங்கே வேலை செய்தார்கள் என்று அக்கா கேட்டாள். "கட்டியது வெள்ளைக்காரக் கைதிகள்தான்" என்று முடித்துக்கொண்டார். 415 கி.மீ. பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். போர்க் கல்லறையில் 6,900க்கு மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் சிப்பாய்களுக்கு. தோட்டத்து ஆளுக்கு அங்கே கல் இல்லை.

நாலு மணிக்கு, "ஹெல்ஃபயர் பாஸ் மூடியிருப்பார்கள்" என்று டிரைவர் வேனைத் திருப்பினார். காஞ்சனபுரி ஊரிலிருந்து அது 80 கி.மீ. என்பது காலையில் தெரியாதா? சண்டை போட்டு இறங்கி, காஞ்சனபுரியிலேயே அறை எடுத்தோம்.

மறுநாள் சங்க்லபுரி போகும் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் சொல்லி ஹெல்ஃபயர் பாஸ் வாசலில் இறங்கினோம். ஆளுக்கு நூறு பாட்கூட ஆகவில்லை. ஒலி வழிகாட்டிக் கருவியும் இலவசம். உளியும் சுத்தியலும் வைத்துக் குடைந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே அக்கா வெகுநேரம் பேசாமல் நின்றாள். பாங்காக்கிலிருந்தே தனியாக வருவதானாலும் அங்குள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கு ரயில் இருக்கிறது.

திரும்பி வந்து பணம் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த தாய் மொழி வரி ஒன்றைக் காட்டினார்கள். பயணத்திட்டம் மாறலாமாம். சுற்றுலாப் போலீஸுக்கு 1155 என்று ஓர் எண் உண்டு. விடுதிக்காரர் அதைச் சொன்னபோது நாங்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.