மாதிரிச் சட்டசபைப் பயிற்சி: 7,000 ரூபாய்க்குத் தேறியது எவ்வளவு?

சட்டசபை எங்கள் பள்ளிக்கு ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. சபாநாயகருக்கு ஒரு பித்தளை மணி, பெயர்ப் பலகைகள், உறுதிமொழி அட்டை, மசோதா எழுதும் படிவம், பேச்சு நேரம் பார்க்க ஒரு மணற்கடிகாரம். பெட்டியோடு பயிற்சி கொடுக்க இரண்டு இளைஞர்கள். 2 நாள், 42 பிள்ளைகள், 7,000 ரூபாய், மதியச் சோறு நம் பொறுப்பு. பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கணக்கிலிருந்து அந்த 7,000 ரூபாயை வாங்க நான் பட்ட பாட்டுக்கே தனியாக ஒரு மசோதா போடலாம். பயிற்சிக் குழுவின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், சின்னப் பையன்கள், பிழைத்துப் போகட்டும்.

எங்களுடையது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி. நான் சமூக அறிவியல் டீச்சர். முதல் இடறல் சுவரில் ஒட்டிய படத்திலேயே இருந்தது: 234 உறுப்பினர்கள், பெரும்பான்மைக்கு 118. தமிழில் படிக்கிற பிள்ளைகள் என்றதும் தமிழ்நாட்டுக் கணக்கையே கொண்டுவந்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து, "சார், நம்ம நியமசபைல 140 தானே?" என்றான். இங்கே பிள்ளைகள் வாயில் சட்டசபை வராது, நியமசபைதான். வீட்டில் ஓடுவது மலையாளச் செய்தி. ஸ்கெட்ச் பேனாவால் 140, 71 என்று திருத்திவிட்டு ஆரம்பித்தோம்.

உறுதிமொழி எடுப்பதைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். ஒருத்தன் அவசரத்தில் "உளமார" என்ற சொல்லை விழுங்கிவிட்டான். வகுப்பே சிரித்தது. நிறுத்தி, 2021ல் நடந்ததைச் சொன்னேன். தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ.ராஜா தமிழில் பதவியேற்றார். அவருக்குக் கொடுத்த தமிழ் வாசகத்தில் இருக்கவேண்டிய சொல் விட்டுப்போயிருந்ததால் சில நாள் கழித்து மறுபடி பதவியேற்க வேண்டி வந்தது. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியலமைப்பின் 193ஆம் பிரிவு சொல்கிறது என்றதும், நான் கேட்காமலே பையன் இரண்டு தடவை முழுசாகச் சொன்னான்.

அப்போது ஒரு பெண், "அப்ப திருவனந்தபுரத்துல தமிழ்ல பேசலாமா டீச்சர்?" என்றாள். பயிற்சியாளர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான்தான் 210ஆம் பிரிவைச் சொன்னேன்: மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரியாகப் பேச வராதவரைத் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம். "பர்மிஷன் கேக்கணுமா?" என்றாள். கேட்கணும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

முதல் நாள் மதியம் வீண். பவர்பாயிண்ட், மக்களாட்சி என்றால் என்ன என்ற பழைய பாட்டு. பாதிப் பிள்ளைகள் தூங்கினார்கள். அதை நானே எடுத்திருப்பேன், காசில்லாமல்.

இரண்டாம் நாள்தான் காசுக்குப் பலன். பிள்ளைகளே மசோதா எழுத வேண்டும். எங்கள் பக்கம் வேறு என்ன வரும்? தண்ணீர்தான், அதிலும் போர் என்கிற ஆழ்துளைக் கிணறுதான். "500 அடிக்கு மேல் போர் போடக் கூடாது" என்று ஒரே வரியில் சட்டம் எழுதி, கைதட்டி முடித்துவிட்டார்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஒருத்தனுக்குச் சித்தப்பா போர் வண்டி வைத்திருக்கிறார். அவன் எழுந்தான். "ஆயிரம் அடி போட்டும் புகைதான் வருது. அப்ப ஏற்கெனவே போட்டதை மூடணுமா? ஆழத்தை யாரு அளப்பா, கேசிங் பைப்புக்குள்ள இறங்கியா?" அவையில் சத்தமே இல்லை.

பயிற்சியாளர்களின் நேர அட்டவணையில் குழு ஆய்வுக்கு 20 நிமிஷம்தான். நான் மணியை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஆக்கினேன். கேரளத்தில் 1980லிருந்தே சப்ஜெக்ட் கமிட்டி என்று துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. மசோதா அங்கே போய்த்தான் அவைக்குத் திரும்பி வரும். டிவியில் காட்டுவது வெளிநடப்பை மட்டும், இதைக் காட்டமாட்டார்கள். எங்கள் ஏழு பேர் குழு சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து, குடிநீர் போர் வேறு, தென்னந்தோப்பு போர் வேறு என்று பிரித்தது. பழைய போர்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வரி சேர்ந்தது. அபராதம் 10,000 என்றபோது, "தோப்புக்காரருக்கு அது ஒரு லோடு தேங்காய்கூட இல்ல" என்று ஒருத்தி அதை ஏக்கர் கணக்கில் மாற்றவைத்தாள். கேரளத்தில் நிலத்தடி நீர்ச் சட்டம் 2002லேயே வந்துவிட்டது என்பதை அங்கேதான் சொன்னேன். பிள்ளைகள் முகம் சுண்டிப்போனது. பிறகு தலைப்பில் "திருத்த" என்ற சொல்லைச் சேர்த்து, திருத்த மசோதா ஆக்கினார்கள். பயிற்சியாளர்களுக்கும் இந்தச் சட்டம் புதுச் செய்தி. வருகிற ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

வாக்கெடுப்பில் ஒரு கூத்து. சபாநாயகர் போக 41 பேர். ஒருத்தன் வேலந்தாவளம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். 20க்கு 20. சமமாக நின்றால் மட்டும் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. 1982ல் கேரளத்தில் முதல்வர் கருணாகரனின் மந்திரிசபை சபாநாயகர் ஏ.சி.ஜோஸின் அந்த ஓட்டில்தான் கொஞ்ச நாள் உயிரோடு இருந்தது. எங்கள் சபாநாயகரின் அப்பாவுக்குத் தோப்பு உண்டு, போரும் உண்டு. மணலைக் கவிழ்த்துவைத்து, அது தீரும்வரை யோசித்துவிட்டு, "ஆதரவு" என்றாள். வீட்டில் என்ன நடந்ததோ.

உடனே பயிற்சியாளர்கள் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். சட்டம் ஆகிவிட்டதாம். பெரிய குறை இதுதான். பெட்டியில் ஆளுநருக்குப் பலகையே இல்லை. எங்கள் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகளிடம் இப்படி முடிக்கலாமா? பிளாச்சிமடை இங்கேதான் இருக்கிறது. குளிர்பான ஆலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வாங்கித்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011ல் கேரள சட்டசபை நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது, ஒப்புதல் கிடைக்கவே இல்லை. மசோதா ஒப்புதல் பற்றிய அரசியலமைப்பின் 200, 201 என்று இரண்டு பிரிவு எண்களைக் கரும்பலகையில் எழுதி, எச்.எம்.மை ஆளுநர் ஆக்கினேன். ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம் என்று சொல்லி மசோதாவைக் கையில் கொடுத்தோம். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

கூப்பிடலாமா என்று கேட்கிற டீச்சர்களுக்கு: கூப்பிடுங்கள், இரண்டாம் நாளுக்கு மட்டும் பேரம் பேசுங்கள். குழு ஆய்வுக்குப் பாதி நாள் கேட்டு வாங்குங்கள். கேரளத்துக் கணக்குகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மணியும் மணற்கடிகாரமும் நல்ல சரக்கு. பெயர்ப் பலகை அட்டை மட்டம், மதியத்துக்குள் மூன்று மடங்கிவிட்டன.

மசோதா மூன்று வாரமாக எச்.எம். மேசை டிராயரில் கிடக்கிறது. போர் வண்டிக்காரர் வீட்டுப் பையன்தான், எதிர்த்து ஓட்டுப் போட்டவன், தினமும் இன்டர்வெல்லில் ஆபீஸ் ரூம் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்கிறான்: "டீச்சர், கையெழுத்துப் போட்டாச்சா?"