ஆர்.ஓ. எந்திரத்துக்கு ‘இலவசப் பரிசோதனை’ என்று அழைப்பு வந்தால் கவனம்

தாம்பரம் பக்கம் குடியிருக்கும் என் அம்மாவிடம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தைப் பழுது என்று சொல்லி 6,900 ரூபாய் கறந்துகொண்டு போயிருக்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் கண்ணெதிரே செய்துகாட்டி ஏமாற்றுவதுதான் இவர்களின் சாமர்த்தியம். அம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கடைக்காரர் பில்லில் இரண்டு ரூபாய் கூடினாலும் விடமாட்டார். அவரிடமே இது நடந்திருக்கிறது.

முதலில் தொலைபேசி அழைப்பு. எந்திரத்தின் நிறுவனப் பெயரைச் சொல்லி, வாங்கிய ஆண்டையும் சரியாகச் சொல்லி, “உங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்” என்றிருக்கிறார்கள். நம் விவரம் எந்தக் கடையிலிருந்து, யார் கைக்குப் போகிறதோ தெரியவில்லை. மாலையில் நிறுவனச் சின்னம் பொறித்த சட்டையோடு ஓர் இளைஞர் வந்தார். மூடியைக் கழற்றி உள்ளே எதையோ திருகினார். பிறகு குழாயில் பிடித்த நீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினார். 340 என்று காட்டியது. “மெம்பரேன் போய்விட்டது அம்மா” என்றார். உப்பை வடிகட்டும் சவ்வைத்தான் அப்படிச் சொன்னார்.

உள்ளே அவர் திருகியது டிடிஎஸ் கன்ட்ரோலர். பல வீட்டு எந்திரங்களில் இது உண்டு. மெம்பரேன் வழியாக வரும் நீரில் உப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதால், மெம்பரேனுக்குப் போகாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதற்கான சிறு வால்வு அது. முழுக்கத் திறந்துவிட்டால் புத்தம்புது மெம்பரேன் இருந்தாலும் மீட்டர் எகிறும். அம்மா வீட்டுப் போர் தண்ணீரின் அளவே 1,100-ஐ ஒட்டி இருக்கும். அதில் கொஞ்சம் கலந்தால் 340 வருவதில் என்ன அதிசயம்?

அடுத்து நடந்ததுதான் பெரிய நாடகம். நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை எடுத்து, ஒரு தம்ளரில் எந்திரத்துத் தண்ணீரையும் இன்னொன்றில் தன் பையிலிருந்த ‘நல்ல தண்ணீரை’யும் ஊற்றி, பிளக்கில் செருகினார். சற்று நேரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் கலங்கி, பழுப்பாகி, சாக்கடை போல நுரைத்தது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. “இதையா இத்தனை நாளாகக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தத் தாய்தான் பணத்தைப் பற்றி யோசிப்பார்?

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியில் இருந்து வந்தது. பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பேதான். கம்பிகளில் ஒரு பகுதி இரும்பு, ஒரு பகுதி அலுமினியம். உப்பு கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். நேர்மின்முனையாக இருக்கும் இரும்பு கரைந்து, துருவாகவும் பச்சைக் கலங்கலாகவும் வெளிவரும். அலுமினியம் வெள்ளைத் திப்பிகளைத் தரும். அவர் கொண்டுவந்த நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் மின்சாரமே சரியாகப் பாயவில்லை, ஆகவே கம்பியும் கரையவில்லை. இனி யாராவது இதைச் செய்துகாட்டினால், அவருடைய ‘நல்ல தண்ணீரில்’ ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நீங்களாக வீட்டில் கம்பியை வைத்து முயலவேண்டாம். 230 வோல்ட் விளையாட்டுப் பொருள் அல்ல.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்த உப்புகள் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும். கிருமி இருக்கிறதா, ஈயமோ ஆர்சனிக்கோ இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இளநீரில் முக்கினால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரை யாரும் கொட்டிவிடுவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012) சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதாவது அவர் மிரட்டப் பயன்படுத்திய 340 கூட வரம்புக்குள்தான்.

மறுநாள் நான் போனபோது பில்லைப் பார்த்தேன். மெம்பரேன், கார்பன் ஃபில்டர், ‘ஆல்கலைன் கேட்ரிட்ஜ்’, வருகைக் கட்டணம் என்று வரிசை. வரவேண்டிய இடத்தில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. பணம் யுபிஐ வழியாக ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருந்தது. வீட்டுக்கான மெம்பரேன் கடையில் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஆல்கலைன் கேட்ரிட்ஜை யார் கேட்டார்கள் என்பது இன்றுவரை புதிர்.

ஒரே ஒரு விஷயத்தில் அந்த இளைஞரின் திட்டம் பலிக்கவில்லை. பழைய மெம்பரேனைப் பையில் போட்டுக்கொள்ளப் போனவரை அம்மா விடவில்லை. “காசு கொடுத்து வாங்கிய பொருள், இங்கேயே இருக்கட்டும்” என்று பாலித்தீன் உறையில் சுற்றி வைத்துக்கொண்டார். ஈரம் காயாமல் இருந்ததால் அதையே திரும்பப் பொருத்தினேன். கன்ட்ரோலரை முழுக்க மூடி, சேர்ந்த நீரை இரண்டு முறை கொட்டிவிட்டு அளந்தேன். 68 காட்டியது. ‘போய்விட்டது’ என்ற மெம்பரேன் 1,100-ஐ 68 ஆக்குகிறது! அவர் மாட்டிச் சென்ற பெயரில்லா மெம்பரேனை அதே முறையில் சோதித்தபோது 92. புது மெம்பரேன் போட்டதும் முதலில் சேரும் நீரைக் கொட்டிவிட வேண்டும் என்ற அடிப்படை விஷயத்தைக்கூட அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. உடனே ஒரு தம்ளர் பிடித்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்.

மெம்பரேன் உண்மையிலேயே தேய்ந்தால், கன்ட்ரோலரை மூடிய பிறகும் அளவு மாதாமாதம் ஏறும். அல்லது தொட்டி நிரம்ப முன்பைவிட வெகுநேரம் பிடிக்கும். வீட்டு எந்திரங்களில் சாதாரணமாக வரும், நாளொன்றுக்கு 75 கேலன் என்று குறித்த மெம்பரேன் நல்ல அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 12 லிட்டர் தரக்கூடியது. இதற்கெல்லாம் நிபுணர் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, எந்திரம் நன்றாக ஓடும்போதே போர் தண்ணீரின் அளவையும் சுத்திகரித்த நீரின் அளவையும் தேதியோடு எழுதி எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். வருகிறவர் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே, உங்கள் மீட்டரால் நீங்களே அளந்துவிடுங்கள். வெளியே தொங்கும் வெள்ளைக் குடுவைக்குள் இருக்கும் ஃபில்டர் பழுப்பாவது இயல்பு. வண்டலைப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதைக் காட்டி யாரும் பயமுறுத்த இடம் கொடுக்காதீர்கள். விலையும் அற்பம், நீரை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாமே மாற்றலாம்.

சேவை எண்ணை இணையத்தில் தேடாமல் வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள். நாங்கள் அந்த எண்ணில் கேட்டபோது, அன்று எங்கள் முகவரிக்கு யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். எங்கள் விவரம் எப்படி வெளியே போனது என்ற கேள்விக்கு மட்டும் “மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்” என்ற பதில்தான்.

இதற்கிடையே கீழ்த்தளத்து வீட்டுக்கும் இதே போன்ற அழைப்பு வந்திருக்கிறது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி, “பழைய பாகம் எங்களிடமே இருக்கும், ஜி.எஸ்.டி. பில் வேண்டும், பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான்” என்று அந்த அக்கா சொன்னதும் மறுமுனை துண்டிக்கப்பட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இணையவழிப் பணமோசடிக்கான 1930-லும் யுபிஐ விவரத்தைக் கொடுத்தாயிற்று. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. அவர் விற்றுச் சென்ற மெம்பரேன் பில்லோடு சேர்த்துக் கட்டி அம்மாவின் பரணில் இருக்கிறது, ஆணையம் கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு.