நிறமூட்டிய துத்தநாக சன்ஸ்கிரீன்: ஒரு மதிப்புரை

கன்னத்தில் மங்கு எனும் கருந்திட்டு உள்ளதால், துத்தநாக ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் கலந்த, எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 50 கொண்ட சன்ஸ்கிரீனை இந்தக் கோடை முழுவதும் பயன்படுத்தினேன். நிறமூட்டாத துத்தநாகக் களிம்புகள் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துத் தெரியும். இதிலுள்ள இரும்பு ஆக்சைடு அந்த வெளுப்பை மறைப்பதோடு, மங்கைக் கருமையாக்கும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், விலை சற்றுக் கூடுதலானாலும் இதையே பரிந்துரைப்பேன்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட முன்மொழிவில், வெயிலைத் தடுக்க சன்ஸ்கிரீன்களில் சேர்க்கப்படும் பொருள்களில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய இரண்டை மட்டுமே பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் வகைப்படுத்தியது. எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் புற ஊதா பி கதிரையே குறிப்பதால், ஏ கதிருக்கான பிஏ குறியீட்டையும் பார்த்து வாங்க வேண்டும். பிஏவுக்குப் பின்னுள்ள கூட்டல் குறிகள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்; இந்தச் சன்ஸ்கிரீனில் நான்கு கூட்டல் குறிகள் உள்ளன.

சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசியே எஸ்பிஎஃப் கணக்கிடப்படுகிறது. ஆகவே பட்டாணியளவு போதாது. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசி, வெயிலில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். அவ்வாறு பூசினால் 50 கிராம் குழாய் விரைவில் தீர்ந்துவிடுகிறது. வியர்க்கும்போது வெள்ளைச் சட்டையின் காலரில் நிறமும் ஒட்டுகிறது.