ஏத்தங்காய்ப் பொடியா, கேப்பையா, பருப்புச் சோறா: எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆக்கிப் பார்த்தது

களியக்காவிளையில் இருக்கும் எங்களுக்குக் கேரளா என்பது பக்கத்து ஸ்டாப் மாதிரி. என் மகளும் மதினியின் மகனும் பதினோரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். மதினி பிரசவத்துக்குப் பாறசாலையில் தாய்வீட்டுக்குப் போனவர், அங்கேயே ஒரு வருஷம் இருந்துவிட்டார். அதனால் ஒரே குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள், இரண்டு அங்கன்வாடி, இரண்டு அடுக்களை. தினமும் போனில் யார் என்ன கொடுத்தோம், எது வெளியே வந்தது என்பதுதான் பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலோடு பிள்ளைக்கு முதன்முதலாகக் கொடுக்கும் சாப்பாட்டை முதல் வாரம் எதில் தொடங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது வாரத்தில் கிண்ணத்துக்குள் என்ன வருகிறது, எவ்வளவு கெட்டியாக வருகிறது என்பதில்தான் வித்தியாசம். இது தெரியாமல் நாங்கள் முதல் வாரத்தைப் பற்றித்தான் மூன்று மாதம் சண்டை போட்டோம்.

எப்போது: ஆறாம் மாசமும் ஆறு மாதமும்

இந்தக் குழப்பத்தின் வேர் நம் கணக்கில் இருக்கிறது. ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கும்போதே நாம் 'ஆறாம் மாசம்' என்போம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆறு மாதம் என்பது முடிந்த ஆறு மாதம், அதாவது 180 நாள். இரண்டுக்கும் நடுவில் முழுதாக ஒரு மாதம் ஓடிவிடும்.

சோறூட்டு, அதாவது பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு விஷயத்தில் இது நேராக மோதும். 1956 நவம்பர் 1 வரை எங்கள் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சிதான் என்பதால் சடங்கில் எல்லை கிடையாது. ஆண் பிள்ளைக்கு இரட்டை மாதம், பெண் பிள்ளைக்கு ஒற்றை மாதம் என்பார்கள். என் மகளுக்கு ஐந்தில் வைக்கச் சொன்னார் மாமி. ஐந்தாம் மாதம் என்றால் நாலுதான் முடிந்திருக்கும். நான் ஏழில் வைத்தேன். ஆறு முடிந்து ஏழு நடக்கும் நேரம், சாஸ்திரமும் டாக்டரும் ஒரே நாளில் கைகுலுக்கிக்கொண்டார்கள். மதினி மகனுக்கு ஆறாம் மாதத்திலேயே கோயிலில் வைத்தார்கள். நாக்கில் ஒரு தொடு பாயசம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பழையபடி தாய்ப்பால். 180 நாள் முடிந்த பிறகுதான் அடுப்பில் சட்டி ஏறியது. வழிபாட்டையும் சாப்பாட்டையும் தனித்தனியாகப் பிரித்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மாதத்தில் கொடுத்தால் என்ன? கரண்டியை வைத்தால் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளும். 'பிடிக்கலை' என்று நாம் நினைப்போம். அது பிறவியிலேயே உள்ள தள்ளும் பழக்கம், இன்னும் போகவில்லை, அவ்வளவே. தலை ஆடாமல் நின்று, பிடித்து உட்கார வைத்தால் உட்கார்ந்து, நம் தட்டைப் பார்த்து வாயை அசைத்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது. தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து அதற்குள் தீர ஆரம்பித்துவிடும், பாலில் அது மிகக் குறைவு. பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அது இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் தொடரலாம்.

தேன் பற்றி ஒரு வார்த்தை. தேனும் வயம்பும் (வசம்பு) உரசி நாக்கில் வைக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து விஷம் கக்கும். போட்டுலிசம் என்பார்கள், தசைகள் தளர்ந்து மூச்சுக்கே ஆபத்தாகும். இதில் மட்டும் நான் மாமியிடம் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏத்தங்காய்ப் பொடி

பாறசாலை வீட்டில் இதுதான் முதல் குறுக்கு, அதாவது பிள்ளைக்குக் கிண்டும் கூழ். பச்சை ஏத்தங்காயை (நேந்திரங்காய்) சீவி வெயிலில் காயவைத்து, பொடித்துச் சலித்து, தண்ணீரில் கரைத்துக் கிண்டுவார்கள். குன்னன் வாழைக்காய் கிடைத்தால் அதுதான் பிள்ளைக்கு ஒசத்தி என்பார் மதினியின் அம்மா. மணமாக இருக்கும், கட்டி தட்டாது, பிள்ளை மறுக்காது. ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். சக்தி தரும், புரதமும் இரும்பும் சொற்பம். நான் ஒரு வாரம் இரண்டு வேளையும் இதையே கொடுத்து மகளுக்கு வயிறு கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க அவளும் நானும் அழுதோம். வாரத்தில் இரண்டு நாள் என்றால் சரி. பழமாகவே கொடுப்பதென்றால் எங்கள் பக்கத்து மட்டிப்பழம் இருக்கிறதே, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, விரலால் மசித்தாலே போதும்.

கேப்பை

இது எங்கள் வீட்டுக் கட்சி. கேப்பை என்றால் கேழ்வரகு, எல்லைக்கு அந்தப் பக்கம் கூவரகு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எந்த அரிசியும் கிட்டே வர முடியாது. ஆனால் ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, பாலை மட்டும் எடுத்துக் காய்ச்சும் முறையில் சத்தில் ஒரு பங்கு துணியோடு போய்விடுகிறது.

முளைகட்டிச் செய்தால் கதையே வேறு. ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்துத் திரிக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை வெட்டிவிடும், கூழ் இறுகாது. சாதாரண மாவில் இரண்டு கரண்டி போட்டாலே களியாகிவிடும், நாம் உடனே தண்ணீர் ஊற்றுவோம். முளைகட்டிய மாவில் அதே பதத்துக்குள் கூடுதல் மாவு பிடிக்கும். இது ஏன் முக்கியம் என்றால், ஏழு கிலோ பிள்ளையின் வயிறு ஒரு நேரத்துக்குச் சுமார் 200 மில்லி மட்டுமே கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பதா, மாவுக்குக் கொடுப்பதா? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். அந்தப் பதம் வந்தால் சரி. ஆறிலிருந்து எட்டு மாதப் பிள்ளைக்கு, தாய்ப்பால் போக, நாளுக்கு 200 கலோரி அளவு போதும். ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெய் மட்டுமே அதில் 40-ஐத் தந்துவிடும்.

கருப்பட்டி போடலாமா என்று கேட்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். 'அது சர்க்கரையா மக்ளே, பனையில்லா' என்றார் மாமி. பனையில் வந்தாலும் இனிப்பு இனிப்புதான். ஒரு வயது வரை உப்பும் இனிப்பும் இல்லாமல் நான் கொடுத்தேன். நான் குளிக்கப் போகும் நேரத்தில் கிண்ணம் இனித்தது என்பது வேறு விஷயம்.

இரண்டு அங்கன்வாடிப் பொட்டலம்

இங்கே சத்துமாவு, அங்கே அமிர்தம் பொடி. அமிர்தம் பொடியைக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் இலவசம். தானியமும் பருப்பும் சேர்ந்திருப்பதால் வெறும் ஏத்தங்காய்ப் பொடியைவிட இரண்டு பொட்டலமும் பல மடங்கு மேல். குறை என்று சொன்னால் இனிப்பு. மதினியின் மகன் அதைச் சாப்பிட்டுப் பழகி, உப்பில்லாத கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான்.

அமிர்தத்தில் நிலக்கடலை இருப்பதைப் பார்த்து முதலில் பயந்தேன். அலர்ஜி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மை நேர்மாறு. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் என்ற ஆய்வில், அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், முதல் வயதுக்குள்ளேயே கடலை தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. பொடியாகவோ விழுதாகவோ கொடுக்க வேண்டும். முழுக்கடலை மட்டும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும். பிள்ளைக்கு ஏற்கனவே கடுமையான தோல் கரப்பான் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டப்பா மாவை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள், ரயிலில் வெந்நீர் இருந்தால் போதும். ஆனால் விலையைப் பார்த்தால் ஒரு மாதத்து அரிசி வாங்கலாம், ருசி எப்போதும் ஒன்றே. குழந்தை உணவை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இல் சட்டமே போட்டு, 2003-இல் இரண்டு வயது வரையிலான உணவுக்கும் அதை இறுக்கினார்கள். பயணத்துக்கு ஒரு டப்பா வைத்துக்கொண்டேன், அதுவும் பாதியில் காலாவதியானது.

என் ஓட்டு பருப்புச் சோற்றுக்கு

சிவப்புப் புழுங்கலரிசி ஒரு பிடி, சிறுபயறு அரைப் பிடி, குழைய வேகவைத்து, தேங்காயெண்ணெய் விட்டு, கரண்டியின் முதுகால் மசித்தால் முடிந்தது. அரிசியில் குறையும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. கஞ்சியும் பயறும் என்று நம் தாத்தாக்கள் சாப்பிட்டதுதான், பிள்ளைக்குக் கொஞ்சம் குழைவாக. இறக்கியபின் இரண்டு சொட்டு எலுமிச்சை விடுவேன். அந்தப் புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி, பருப்பின் இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும்.

மூன்றாவது வாரம் இதில் மீன் வந்தது. சாளையை (மத்தி மீன்) வேகவைத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து மசித்தேன். பிறகு முட்டை, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து. வெள்ளையை ஒரு வயதுக்குப் பிறகு என்பது பழைய பேச்சு. ஏத்தங்காயிலும் கேப்பையிலும் இருக்கும் இரும்பைவிட மீனில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக இழுத்துக்கொள்ளும். சைவ வீடு என்றால் பருப்பின் பங்கைக் கூட்டி, கீரை சேர்க்க வேண்டும். பிரசவித்தவளுக்கு நல்லதென்று வீட்டில் சுறா வாங்குவார்கள், அதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பெரிய மீனில் பாதரசம் கூடும்.

கரண்டியா கையா என்று இப்போது ஒரு விவாதம் ஓடுகிறது. துண்டாக வேகவைத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு முறை. மதினி அதை ஒன்பது நாள் செய்து தரையைத் துடைத்தே களைத்துப்போனார். நான் கரண்டியால் ஊட்டினேன், கூடவே வெந்த பூசணித் துண்டு ஒன்றைக் கையிலும் கொடுத்தேன். முகம் சிவந்து உமட்டி இருமினால் பிள்ளை தானே சமாளித்துக்கொள்ளும். சத்தமே வராமல் நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. மிக்ஸியை முதல் பத்து நாளோடு நிறுத்திவிட்டேன். ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டிகளைப் பழகாத பிள்ளைகள் பின்னால் மெல்ல மறுத்து அடம்பிடிப்பார்கள்.

எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வாரத்துக்கு இரண்டு தரம் 1 மில்லி இரும்புச்சத்து மருந்து அரசு கொடுக்கிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதை வாங்கிவந்த மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மதினி போன் செய்தார். பிள்ளைக்கு மலம் கருப்பாகப் போகிறது, ஆட்டோ பிடிக்கவா என்று. மருந்து பாட்டிலைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'சரி, நீ தூங்கு' என்றார்.